காந்திகிராமம் கண்ட அன்னை

சிறுமலையின் அடிவாரத்தில், திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சின்னாளபட்டிக்கு அருகே அமைந்துள்ளது காந்திகிராமம். அதனைத் தோற்றுவித்தவர் டாக்டர் சௌந்திரம் அம்மையார் ஆவார்.

தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் திருமகளாய்ச் செல்வச் செழிப்பில் வளர்ந்த அம்மையார், இளமையிலேயே கணவரை இழந்தார். எனினும் உள்ளம் தளராது, டில்லியில் மருத்துவம் பயின்று, 1936ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1940இல் காந்தியடிகளின் வாழ்த்துடன் ஜி. இராமச்சந்திரனை மணந்தார். 1947இல் இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவினர்.

நோய் தீர்க்கும் மருந்து மட்டும் சிற்றூர்களுக்குப் போதுமோ? திண்டுக்கல் சமவெளி, மழையையும் கிணற்றையும் நம்பி வாழும் நிலம். விதைப்பும் அறுவடையும் இல்லாத திங்கள்களில் உழவுத் தொழிலாளரின் கைகள் ஓய்ந்திருக்கும். வேலை சிலவாகவும் அதனை நாடுவோர் பலராகவும் இருப்பின், கூலி தானே தாழும். கூலி தாழ்ந்தால் துணி வாங்கவும் கையில் பொருள் இராது. அதனால் நெசவாளரும் வேலை இழப்பர். இங்ஙனம் வேலையின்மையும் குறைகூலியும் ஒன்றையொன்று வளர்க்கும்.

அங்ஙனமாயின், கூலியை உயர்த்திவிட்டால் துன்பம் தீர்ந்துவிடாதோ? 1935இல் காந்தியடிகளின் தூண்டுதலால், அகில இந்திய நூற்போர் சங்கம், நூற்போர்க்கு வயிறார உண்ணப் போதிய ஊதியம் தர முடிவு செய்தது. அப்பொழுது, கதரின் விலை ஏறும், வாங்குவோர் குறைவர், நூற்போர் உள்ள வேலையையும் இழப்பர் என்னும் அச்சம் எழுந்தது. அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும், ஏழையின் பசியால் வரும் மலிவை அடிகள் விரும்பவில்லை. நல்ல கருவியும் தேர்ந்த பயிற்சியும் இருப்பின், ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை பெருகும். பெருகவே, விலையை மிக ஏற்றாமலே ஊதியத்தை உயர்த்தலாம்.

காந்திகிராமத்தில் அவ்வழியே பின்பற்றப்பட்டது. நூற்பும் நெசவும் மருந்து செய்தலும் ஆங்கு வளர்ந்தன. சுற்றுப்புறப் பெண்கள் ஊரை விட்டு அகலாமலே தொழில் பெற்றனர். வேறு தொழில் அருகில் இருந்தாலன்றோ, கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு வாய்மூடி நிற்கும் நிலை மாறும்? தொழிலோடு கல்வியும் சேர வேண்டுமென்று, 1956இல் கிராமியக் கல்வி நிலையமும் அங்கே தோன்றியது. அது 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

அம்மையார் 1952இல் ஆத்தூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962இல் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். நடுவண் அரசில் கல்வித் துணையமைச்சராகவும் விளங்கினார். 1984இல் மறைந்தார்.

பசித்தோர்க்கு ஒரு வேளை சோறிடுதல் அறம். அவர் தம் கையால் உழைத்து நாள்தோறும் உண்ண வழி செய்தல் அதனினும் பெரிய அறம். அப்பேரறத்தைச் செய்தவர் சௌந்திரம் அம்மையார்.