ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

கலாநிதிப் பட்டம் பெறவேண்டுமென்னும் ஆசை இன்று எம் இளைஞர் பலரிடத்தே காணப்படுகிறது. பாலமுனைக்கு அயலிலே, ஒலுவிலில், 1996ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்கி வருவதனால், அவ்வாசை எட்டாக் கனியுமன்று. ஆயினும், பெற்ற பட்டம் யாருக்குப் பயன்படுவது என்னும் வினா ஒன்றுண்டு. தம் வாழ்வையே அதற்கு விடையாக்கிய பெரியார் ஒருவரின் சரிதத்தை இங்கே தருகின்றோம்.

பிரபுல்ல சந்திர ராய் 1861ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆந் திகதி, இன்று வங்காளதேசத்திலுள்ள ராருளிக் கிராமத்திலே பிறந்தார். இளமையிற் கண்ட வயிற்றுக்கடுப்பு நோய் அவர் படிப்பை இடைநிறுத்தியது. வாழ்நாள் முழுவதும் நலிந்த உடம்போடிருந்தும் அவர் கல்வியைக் கைவிட்டாரல்லர். கில்கிறைஸ்ட் புலமைப்பரிசில் பெற்று 1882இற் கப்பலேறி, எடின்பரோ சர்வகலாசாலையில் இரசாயனம் பயின்று, 1887இல் விஞ்ஞான கலாநிதியானார்.

1889இற் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபா வேதனத்தில் உதவிப் பேராசிரியரானார். அதே தகைமையுடைய ஆங்கிலேயர் உயர்ந்த சேவையிலே கூடிய சம்பளம் பெற்ற காலம் அது. அவமதிப்பை அவர் உணராதிருக்கவில்லை. ஆனால் அதற்காக ஆய்வை நிறுத்தவுமில்லை. 1896இற் பாதரச நைத்திரைற்று என்னும் சேர்வையைப் பற்றி அவர் வெளியிட்ட ஆராய்ச்சி பிறநாட்டறிஞர் கவனத்தையும் ஈர்த்தது. சந்தையில் விற்ற நெய்யிலும் கடுகெண்ணெயிலும் கலப்படம் உண்டோ என்பதையும் அவர் சோதித்தறிந்தார்.

படித்த வாலிபர் யாவரும் அரசாங்க உத்தியோகத்தையே நாடி நிற்பது அவருக்கு வேதனை தந்தது. ஆகவே 1892இல் ஏறக்குறைய 700 ரூபா முதலுடன், தாம் குடியிருந்த வீட்டிலேயே மருந்து செய்யும் தொழிலைத் தொடங்கினார். மாட்டெலும்புகளை வாங்கி மொட்டைமாடியிற் காயவைத்தார். அயலார் நாற்றம் பொறாது முறையிட்டனர். எலும்பைச் சுட்டுச் சாம்பராக்கிக் கந்தகவமிலம் சேர்த்தால், வயலுக்கிடும் சுப்பர் பொசுபேற்றும், அதிலிருந்து மருந்துக்கு வேண்டிய உப்பும் கிடைக்கும். கற்ற இரசாயனம் கைத்தொழிலானது இவ்வாறே. 1901இல் அது வங்காள இரசாயன, மருந்து உற்பத்திக் கம்பனியாக வளர்ந்தது.

இந்துக்களின் பண்டை இரசாயன வரலாற்றை 1902இலும் 1909இலும் இரு பாகங்களாக எழுதினார். ஞானசந்திர கோஷ், மேகநாத் சாகா, சத்தியேந்திரநாத் போஸ் ஆகியோர் அவர் மாணாக்கர். 1916 முதல் கல்கத்தா விஞ்ஞானக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்தார். அறுபது வயதான 1921 தொடக்கம் தம் சம்பளம் முழுவதையும் இரசாயனப் பகுதியின் வளர்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார். இல்லறம் புகாது, கல்லூரியிலேயே ஓர் எளிய அறையில் வாழ்ந்தார். 1922இல் வட வங்கத்திலே வெள்ளம் வந்தபோது, நிதி திரட்டித் துயர் துடைத்தார். 1944ஆம் ஆண்டு யூன் 16இல் இவ்வுலகை நீத்தார்.

அறிவியலும் தொண்டும் ஒருவரிடத்தே கூடுதல் எமக்குப் புதிதன்று. காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தரும் விஞ்ஞானப் பட்டதாரியாய் ஆசிரியத் தொழில் புரிந்தவரே. மேற்படிப்பை நாடும் இளைஞர்காள்! கடல்கடந்து செல்லுங்கள், பட்டமும் பெறுங்கள். ஆனால் கற்ற வித்தையின் ஒரு பங்கேனும் இவ்வயலுக்கும் இக்கடற்கரைக்கும் உரியதென்பதை மறவாதீர்கள். பிள்ளைகளை அனுப்பிவைக்கும் பெரியோர்களும், உத்தியோகம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளாது, புதுத்தொழில் முயல்வோரைத் தாங்குவார்களாக.