எல்லீசன் விட்டுச்சென்ற ஏடுகள்

திருக்குறளைப் போற்றும் நம்மவர் நினைவில் நிறுத்த வேண்டிய ஆங்கிலேயர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழ்ப் பற்றினால் தம் பெயரை எல்லீசன் என்று அமைத்துக்கொண்டவர் அவர்.

1777இல் பிறந்த எல்லீசன், 1796இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் சேர்ந்து, 1810இல் சென்னையின் கலெக்டரானார். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி 1812இல் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பதாண்டுகள் முன்னரே, 1816இல் நிறுவினார். இன்று ஆலைகள் நிறைந்த திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களை உள்ளடக்கிய தொண்டை மண்டலத்தின் காணியாட்சி உரிமையை ஆராய்ந்து 1818இல் நூல் வெளியிட்டார். அறத்துப்பாலின் முற்பகுதியை மொழிபெயர்த்து எழுதிய விளக்கத்தில், நம் சமணப் பெரியோர் அருளிய நாலடியாரையும் சீவக சிந்தாமணியையும் மேற்கோளாக எடுத்தாண்டார். வள்ளுவரைக் குடைக்கீழ் அமர்ந்த துறவியாகக் காட்டும் பொற்காசு அவர் வெளியிட்டதே என்றும், அவ்வுருவம் சமண முனிவரின் வடிவே என்றும் ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார்.

நாற்பது வயது வரை பெருநூல் எதனையும் வெளியிடுவதில்லை என்று எல்லீசன் உறுதி பூண்டிருந்தாராம். காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1819 மார்ச்சில், இராமநாதபுரத்தில், தவறுதலாக நஞ்சு உட்கொண்டு மறைந்தார். உடைமைகள் ஏலத்தில் விலைபோயின. கையெழுத்துத் தாள்களைப் பேணுவார் இல்லை. பின்னாளில் வால்டர் எலியட் என்னும் அறிஞர் அவற்றைத் தேடி மதுரையில் விசாரித்தபோது, கலெக்டர் வீட்டுச் சமையற்காரர் பல மாதங்கள் அடுப்பு மூட்டியது அத்தாள்களைக் கொண்டே என்னும் செய்திதான் கிடைத்தது.

எனினும் சிலவற்றை எலியட் மீட்டார். அவை ஜி. யு. போப்பின் கைக்குச் சென்று, அவர் வாயிலாக ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தை அடைந்தன. அங்கிருந்தவற்றையும் இலண்டன், எடின்பரோ நகரங்களில் இருந்தவற்றையும் ஒருங்கே ஆராய்ந்த தாமஸ் டிரவுட்மன், 2006இல் வெளியான தம் நூலில் எல்லீசனின் பெருமையை உலகறியச் செய்தார்.

ஏலத்தில் மேசைக்கும் நாற்காலிக்கும் விலை உண்டு. எழுதிய தாளுக்கு இல்லை. நூல்களைப் படியெடுத்து வழங்குவதைச் சாத்திர தானம் என்று போற்றியவர்கள் நம் முன்னோர். ஒரே படியாக இருப்பது ஒரே நாளில் அழியக்கூடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நம் இல்லங்களின் பரண்களிலும் பெட்டிகளிலும் ஏட்டுச்சுவடிகளும் பழைய பத்திரங்களும் இருக்கலாம். அவற்றைப் பிறரிடம் விற்பதற்கோ கொடுப்பதற்கோ முன் படியெடுத்து, யாரிடம் சென்றன என்பதையும் குறித்து வைப்போமாக. அதுவே இக்காலத்தில் நாம் செய்யத்தக்க சாத்திர தானம்.