கணித மேதை செபிஷேவ்



ரஷ்ய நாட்டில் ஒகாத்தோவோ என்னும் சிற்றூரில் 1821-ஆம் ஆண்டு பிறந்தவர் செபிஷேவ். அவருக்கு ஒரு கால் குட்டை. மற்றப் பிள்ளைகள்போல் ஓடியாட முடியாது. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் பெற்ற தாயார்தான். தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

16 வயதில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1840-இல் பஞ்சம் வந்தது. குடும்பம் நொடித்தது, வீட்டிலிருந்து பண உதவி நின்றது. படிப்பை விட்டாரா? இல்லை! 1841-இல் பட்டம் பெற்றார். பின்பு பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1882 வரை ஆசிரியராக விளங்கினார்.

1852-இல் வெளிநாடு சென்று நீராவி இயந்திரங்களைப் பார்வையிட்டார். அவற்றில் ஜேம்ஸ் வாட் அமைத்த இணைப்புக் கம்பிகள் நேர்கோட்டில் ஓடுவதுபோல் இருக்கும். ஆனால் சற்றே விலகும். விலகலை அடியோடு ஒழிக்க முடியாவிட்டாலும், ஆகப் பெரிய விலகலை எவ்வளவு சிறிதாக்கலாம் என்று ஆராய்ந்தார். 1854-இல் அவர் பெயர் சொல்லும் பல்லுறுப்புக் கோவைகள் பிறந்தன. (கால் ஊனமான இவரே நாலு காலில் நடக்கும் ஓர் இயந்திரமும் செய்தார். என்ன நெஞ்சுரம் பாருங்கள்!)

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? ஒரு மேட்டின் உயரத்தைச் சில இடங்களில் மட்டும் அளந்து, அந்தப் புள்ளிகள் வழியாக ஒரு வளைகோடு வரைய வேண்டும். எங்கெங்கே அளப்பது? சம தூரத்தில்தான் என்போம். அது ஆபத்து! சில வளைவுகளுக்குப் புள்ளிகளைக் கூட்டக் கூட்ட இரு முனையிலும் கோடு தாறுமாறாக ஆடும் என்று 1901-இல் ஜெர்மானியர் ரூங்கே காட்டினார்.

மருந்து செபிஷேவிடம் இருந்தது. மாணவர்களே, கவராயம் எடுங்கள். கோட்டின்மேல் அரைவட்டம் போட்டு, வில்லைச் சம பாகமாக்கி, ஒவ்வொரு பாகத்தின் நடுவிலிருந்தும் கோட்டுக்குச் செங்குத்தாக இறங்குங்கள். முனைகளில் புள்ளிகள் நெருங்கும், நடுவில் விலகும். ஆட்டம் அடங்கிவிடும்.

நீளம், அகலம் இரண்டும் உள்ள நிலமென்றால் சிக்கல் அதிகம். இருபடிக் கோவைக்கு ஆறு புள்ளிகள் வேண்டும். ஆறையும் ஒரே வட்டத்தில் வைத்தால் வீண்! அந்த வட்டத்தின் சமன்பாடே ஆறு இடத்திலும் பூச்சியமாகிவிடுவதால், அதை எவ்வளவு சேர்த்தாலும் விடை பொருந்தும். எது சரியென்று சொல்ல முடியாது.

செபிஷேவ் 1894-இல் காலமானார். 111 ஆண்டுகள் கழித்து, 2005-இல், சதுர நிலத்துக்கேற்ற நல்ல புள்ளிகளை இத்தாலியில் கண்டுபிடித்தார்கள். பாதுவா நகரின் பெயர் தாங்கிய அப்புள்ளிகளும் செபிஷேவ் வகுத்த கோவைகளிலிருந்தே பிறந்தவை.