குரு தத்: இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் தூரத்தைப் படம்பிடித்தவர்

ஆளில்லாத ஒரு ஸ்டுடியோ. மேலிருந்து தடிமனான ஒளிக்கற்றை ஒன்று சாய்வாக இறங்குகிறது, அதில் தூசி மிதக்கிறது. ஒளிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆண், அந்தப் பக்கம் ஒரு பெண். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, தொட்டுக்கொள்வதும் இல்லை. கேமரா ஒருமுறை அவரிடம் நெருங்கிப் போகிறது, ஒருமுறை இவரிடம். பின்னணியில் ஒரு பெண் குரல் பாடுகிறது. 1959-ல் வந்த 'காகஸ் கே பூல்' இந்திப் படத்தின் காட்சி இது. சப்டைட்டில் இல்லாமல் பார்த்தாலும் உங்களுக்குப் புரிந்துவிடும்: இவர்கள் காதலிக்கிறார்கள், சேரமாட்டார்கள்.

வசனமே இல்லாமல் இது எப்படிப் புரிகிறது? அதற்கு அந்த ஆணாக நடித்தவரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தை இயக்கியவரும் அவர்தான், குரு தத்.

1925 ஜூலை 9-ம் தேதி பெங்களூரில் பிறந்தார். வீட்டு மொழி கொங்கணி, வளர்ந்தது கல்கத்தாவில். பெயரைப் பார்த்து அவரை வங்காளி என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. 1942-ல் இமயமலை அடிவாரத்தில் அல்மோராவில் இருந்த உதய் சங்கரின் கலை மையத்தில் நடனம் கற்கச் சேர்ந்தார். போர்க்காலத்தில், 1944-ல் அந்த மையம் மூடப்பட்டது. அதே ஆண்டு புனேயில் பிரபாத் பிலிம் கம்பெனியில் வேலை கிடைத்தது. நடன அமைப்பு, உதவி இயக்கம், சின்னச் சின்ன வேடங்கள் என்று எல்லாம் செய்தார். அங்கேதான் தேவ் ஆனந்த் நண்பரானார். நீ இயக்குநரானால் நான் ஹீரோ, நான் தயாரிப்பாளரானால் நீ இயக்குநர் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். 1951-ல் தேவ் ஆனந்தின் நவ்கேதன் நிறுவனத்துக்காக 'பாஸி' படத்தை குரு தத் இயக்கினார். அப்போது அவருக்கு வயது 25.

நடனம் கற்றதை ஏதோ துணுக்குத் தகவல் மாதிரி பலரும் கடந்து போகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நடனக்காரருக்கு ஒரு அடி முன்னால் வைப்பதும் பின்னால் வைப்பதும் வெறும் நகர்வு இல்லை, அதற்கு ஒரு பொருள் உண்டு. குரு தத் படங்களில் கேமரா அப்படித்தான் அடியெடுத்து வைக்கும்.

கூட ஒரு மூர்த்தி

'பாஸி' படப்பிடிப்பில் உதவி ஒளிப்பதிவாளராக இருந்தவர் மைசூரைச் சேர்ந்த வி.கே. மூர்த்தி. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை வைத்து அவர் யோசனை சொல்லி எடுத்த ஒரு சிக்கலான ஷாட், இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அடுத்த படமான 'ஜால்' (1952) முதல் மூர்த்திதான் குரு தத்தின் ஒளிப்பதிவாளர். பல ஆண்டுகள் கழித்து, தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளரும் இதே மூர்த்திதான்.

இருவரும் சேர்ந்து விரும்பிப் பயன்படுத்தியவை 75 மி.மீ, 100 மி.மீ லென்ஸ்கள். இந்த நீள லென்ஸில் ஒரு முகத்தை எடுத்தால் பின்னால் இருக்கும் சுவர், கூட்டம், தெரு எல்லாம் மங்கிவிடும். உலகம் கரைந்துபோய் அந்த முகம் மட்டும் மிஞ்சும். வெறும் அழகுக்காக எடுக்கும் க்ளோஸ்-அப் அல்ல இது. அந்த நொடியில் அந்த ஆள் தனியாக இருக்கிறார் என்று சொல்லும் க்ளோஸ்-அப்.

'பியாசா' (1957) படத்தில் இதைக் கவனிச்சுப் பாருங்க. கவிஞன் விஜய்யின் பழைய காதலி மீனா இப்போது பதிப்பாளர் கோஷின் மனைவி. கோஷ் வீட்டு விருந்தில் விஜய் பானம் பரிமாறும் வேலையில் நிற்கிறான். அவனையும் ஒரு கவிதை சொல்லச் சொல்கிறார்கள். புத்தக அலமாரியில் சாய்ந்து நின்று பாடுகிறான். கேமரா அவனிடமிருந்து மீனாவின் முகத்துக்குப் போகிறது. பிறகு கோஷ் தன் மனைவியின் முகத்தைப் பார்ப்பதைக் காட்டுகிறது. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற வரிசையிலேயே மூவரின் கதையும் முடிந்துவிடுகிறது. கோஷுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை.

அதே படத்தில் இன்னொரு காட்சி. பாலியல் தொழில் செய்யும் குலாபோ, மொட்டைமாடியில் நிற்கும் விஜய்யைத் தேடிப் படியேறுகிறாள். கீழே தெருவில் ஒரு பெண் பக்திப் பாடல் பாடிக்கொண்டிருக்கிறாள். விஜய் முதுகைக் காட்டி நிற்கிறான். குலாபோ அவன் பின்னால் மிக நெருக்கமாக வந்துவிடுகிறாள். கை நீட்டினால் போதும், நீட்டமாட்டாள், திரும்பிவிடுகிறாள். இருவரையும் ஒரே ஃப்ரேமில் வைத்ததால்தான் இது வேலை செய்கிறது. தனித்தனி க்ளோஸ்-அப்பாக வெட்டியிருந்தால் ஏக்கம் தெரிந்திருக்கும், ஆனால் அந்த ஒரு கை தூரம் தெரிந்திருக்காது.

குலாபோவாக நடித்த வஹீதா ரஹ்மான் செங்கல்பட்டில் பிறந்தவர். 'ரோஜுலு மாராயி' என்ற தெலுங்குப் படத்துக்குப் பிறகு அவரைக் கண்டெடுத்து பம்பாய்க்கு அழைத்துப்போனவர் குரு தத்.

அகலத் திரையும் வெறுமையும்

'பியாசா' ஓடியது. அடுத்து வந்ததுதான் 'காகஸ் கே பூல்', இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். (தமிழுக்கு சினிமாஸ்கோப் வர 1973-ல் 'ராஜராஜ சோழன்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) உயரத்தைவிட 2.35 மடங்கு அகலமான திரை. போர், ஊர்வலம், மலைத்தொடர் காட்டத்தான் இவ்வளவு அகலம் என்று பலரும் நினைத்த காலம். குரு தத் அதில் வெறுமையைக் காட்டினார். இரண்டு பேரை இரண்டு ஓரத்தில் நிறுத்தினால் நடுவே எவ்வளவு காலி இடம் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஒளிக்கற்றை நிஜமான வெயில். ஸ்டுடியோவுக்கு வெளியே ஒரு பெரிய கண்ணாடியில் சூரியனைப் பிடித்து, உள்ளே உயரத்தில் வைத்த இன்னொரு கண்ணாடிக்கு அனுப்பி, அங்கிருந்து கீழே இறக்கினார் மூர்த்தி. காட்சியில் இருவரின் உருவங்களும் உடலைவிட்டுப் பிரிந்து ஒளிக்குள் போய்ச் சந்திக்கின்றன. உடல்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

படத்தின் கதை, மனைவியைப் பிரிந்து வாழும் ஒரு இயக்குநர் பற்றியது. அவர் கண்டெடுத்த நடிகை மீது அவருக்குக் காதல். அந்தக் காட்சியில் கேட்கும் குரல், குரு தத் 1953-ல் திருமணம் செய்துகொண்ட பாடகி கீதா தத்துடையது. அவர்கள் மணவாழ்க்கை அப்போது நன்றாக இல்லை. படத்தையும் வாழ்க்கையையும் கோடு போட்டு இணைக்கும் வேலை அன்றிலிருந்து நடக்கிறது. அதற்குள் நாம் போக வேண்டாம். ஆனால் அந்தப் பாட்டைப் பதிவு செய்த நாளில் ஒலிவாங்கி முன் நின்றவர் யார் என்பதை மறந்துவிட்டும் கேட்க முடியவில்லை.

படம் படுதோல்வி. 1951-லிருந்து எட்டுப் படங்கள் இயக்கியவர், அதன் பிறகு இயக்குநர் என்று ஒரு படத்திலும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. தயாரித்தார், நடித்தார். கே. சங்கர், கே.எஸ். கோபாலகிருஷ்ணன் போன்ற நம்மூர் இயக்குநர்களின் இந்திப் படங்களிலும் நடித்தார்.

1962-ல் அவர் தயாரித்த 'சாஹிப் பீபி அவுர் குலாம்' படத்துக்கு இயக்குநராகப் பெயர் வந்தது அப்ரார் ஆல்விக்கு. அதில் ஜமீன் மருமகள் சோட்டி பஹு (மீனா குமாரி) அறிமுகமாகும் விதம் பாருங்க. பூத்நாத் என்ற எளிய இளைஞன் தலைகுனிந்து வருகிறான். அதனால் நமக்கும் தரைவிரிப்பும் அவள் பாதமும் மட்டும்தான் தெரிகின்றன. அவன் நிமிரும்போதுதான் அவள் முகம். யார் மேலே, யார் கீழே என்பது அதற்குள் தெளிவாகிவிடுகிறது.

இதே படத்தின் முடிவில், குதிரை வண்டிக்குள் சோட்டி பஹு பூத்நாத்தின் மடியில் தலைவைக்கும் ஒரு ஷாட் இருந்தது. முதல் பார்வையாளர்கள் அதை ஏற்கவில்லை. திருமணமான பெண், வேறொரு ஆண் மடியில் தலையா? குரு தத் அதை நீக்கிவிட்டு, இருவரும் பேசிக்கொண்டு போவதாக மாற்றினார். படத்தின் கதைப்போக்கு மாறவில்லை. மாறியது ஒரு தலை இருந்த இடம், அதோடு அந்த உறவுக்குப் பார்வையாளர்கள் வைத்த பெயரும்.

1964 அக்டோபர் 10-ம் தேதி பம்பாய் பெடர் ரோடு வீட்டில் குரு தத் இறந்து கிடந்தார். வயது 39. மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்ததால் நேர்ந்த மரணம். அது தற்செயலா, இல்லையா என்ற கேள்வி குடும்பத்துக்குள்ளேயே தீரவில்லை. கீதா தத் 1972-ல் காலமானார். கே. ஆசிஃப் இயக்கத்தில் குரு தத் நடித்துவந்த 'லவ் அண்ட் காட்' பாதியில் நின்று, அவர் வேடத்தில் சஞ்சீவ் குமார் நடித்து, 1986-ல்தான் திரைக்கு வந்தது. 2005-ல் டைம் இதழ் வெளியிட்ட தலைசிறந்த 100 படங்களின் பட்டியலில் 'பியாசா' இடம்பிடித்தது.