குப்பைக்குப் போன கணித நூல்

ஹெர்மன் கிராஸ்மன் 1809-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஸ்டெட்டின் நகரில் பிறந்தார். அப்போது அது ஜெர்மானியர் நகரம். இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.

தகப்பனார் கணக்கு ஆசிரியர். மகனோ சிறு வயதில் படிப்பில் மந்தம். தோட்ட வேலையோ கைத்தொழிலோ கற்றுப் பிழைத்துக்கொண்டால் போதும் என்று தகப்பனார் எண்ணினார்.

கிராஸ்மன் பெர்லின் சர்வகலாசாலைக்குச் சென்று மத நூல்களும் மொழிகளும் கற்றார். அங்கே கணக்குப் பாடம் படிக்கவில்லை. ஊர் திரும்பிய பின், தாமாகவே கணக்கைக் கற்று ஆசிரியரானார்.

திசையும் ஒரு கணக்கு

மூன்றும் நான்கும் ஏழு. இது குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் ஒரு படகுக்காரன் மணிக்கு 4 மைல் வேகத்தில் வடக்கே துடுப்புப் போடுகிறான். ஆற்று நீர் மணிக்கு 3 மைல் வேகத்தில் கிழக்கே இழுக்கிறது. படகு 7 மைல் வேகத்தில் போகுமா?

போகாது. ஒரு காகிதத்தில் வடக்கே 4 அங்குலம் கோடு போடுங்கள். அதன் நுனியிலிருந்து கிழக்கே 3 அங்குலம் போடுங்கள். தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் சேர்த்தால் 5 அங்குலம் வரும். படகும் அந்தச் சாய்வில் 5 மைல் வேகத்தில்தான் போகும்.

அளவும் திசையும் சேர்ந்த இதற்கு வெக்டர் என்று பெயர். தமிழில் திசையன் என்பார்கள்.

இத்தகைய கோடுகளைக் கூட்டவும் பெருக்கவும் கிராஸ்மன் ஒரு முழுக் கணித முறையையே வகுத்தார். 1840-ல் கடலின் ஏற்ற வற்றத்தை அந்த முறையில் விளக்கிக் காட்டினார். 1844-ல் அதை நூலாக வெளியிட்டார்.

யாரும் வாங்கவில்லை

பெரிய கணித நிபுணர்களுக்கே நூல் விளங்கவில்லை. 1847-ல் சர்வகலாசாலை வேலைக்கு மனுச் செய்தார். கிடைக்கவில்லை. 1862-ல் நூலைத் திருத்தி எழுதினார். அதுவும் விலை போகவில்லை. 1864-ல் முதல் நூலின் சுமார் 600 பிரதிகளைப் பதிப்பகத்தார் பழைய காகிதமாகக் கழித்துவிட்டனர்.

கிராஸ்மன் சோர்ந்து உட்காரவில்லை. பகலில் பள்ளி வேலை. வீட்டில் பெரிய குடும்பம். அதற்கிடையே சமஸ்கிருதம் பயின்றார். 1873 முதல் 1875 வரை ரிக் வேதச் சொற்களுக்கு அகராதி வெளியிட்டார். பிறகு ரிக் வேதத்தையே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். மொழி ஆராய்ச்சிக்காக 1876-ல் டியூபிங்கன் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. கணிதத்துக்காக அல்ல!

காலம் கடந்து வந்த புகழ்

கடைசிக் காலத்தில்தான் கணித உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. முதல் நூலை மறுபடியும் அச்சிட ஏற்பாடாயிற்று. அதற்கு முன்னுரை எழுதிக் கொடுத்தார். ஆனால் 1877-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி காலமானார். புதிய பதிப்பு 1878-ல் வெளிவந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

காற்றில் ஆகாய விமானம் செல்லும் வழியை அறியவும், கம்ப்யூட்டரில் படம் வரையவும் இன்று திசையன் கணக்கு உதவுகிறது. கடைசிவரை பள்ளி ஆசிரியராகவே இருந்த கிராஸ்மனின் பெயரை, கல்லூரிகளில் கணிதம் கற்பவர்கள் இன்று படிக்கிறார்கள்.