துரையப்பா ஸ்டேடியம்: போரில் சிதைந்த மைதானமும் கொல்லப்பட்ட மேயரும்

யாழ்ப்பாணத்தில் கால்பந்து மேட்ச், தடகளப் போட்டி என்றால் எல்லோருக்கும் தெரிந்த இடம் துரையப்பா ஸ்டேடியம். போரில் சிதைந்து, ஏறக்குறைய 20 வருஷம் சும்மா கிடந்த மைதானம் இது. சரி, யார் அந்தத் துரையப்பா?

சுயேச்சையாக நின்று ஜெயித்தவர்

ஆல்பிரட் துரையப்பா 1926-ல் பிறந்தவர். வக்கீல். 1960 மார்ச் தேர்தலில் யாழ்ப்பாணம் தொகுதியில் சுயேச்சையாக நின்று, ஜி.ஜி.பொன்னம்பலம் என்ற பெரிய தலைவரையே தோற்கடித்தார். அதே வருஷம் ஜூலையில் மறுபடி தேர்தல் வந்தபோதும் ஜெயித்தார். 1965-ல் பொன்னம்பலத்திடம் தோற்றார். 1970-ல் வெறும் 56 ஓட்டில் எம்.பி. பதவி கைநழுவியது. ஆனாலும் மேயர் பதவி அவரிடம் இருந்தது.

ஏன் எதிர்ப்பு?

சிறிமாவோ பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சிக்கு யாழ்ப்பாணத்தில் முகமே இவர்தான். 1972 அரசியலமைப்பு சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் தந்தது. தமிழ் இளைஞர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஆளுங்கட்சியோடு நின்ற மேயர் அவர்கள் கண்ணுக்குத் துரோகியாகத் தெரிந்தார்.

1974 ஜனவரி 10, யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள். கூட்டத்துக்குள் போலீஸ் புகுந்ததில் உயிர்கள் பறிபோயின. அந்தக் கோபமும் மேயர் மீதே திரும்பியது.

1975 ஜூலை 27-ல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வந்த அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கிறிஸ்தவர், வயது 49. கொலையை நடத்திய பிரபாகரனுக்கு அப்போது 20 வயது. 1978-ல் விடுதலைப் புலிகள் இதற்கு வெளிப்படையாகப் பொறுப்பேற்றார்கள்.

மைதானம் என்ன ஆச்சு?

அதன்பின் தமிழர் அரசியலில் துப்பாக்கியின் கை ஓங்கியது. அந்தப் போர் துரையப்பா பெயர் தாங்கிய மைதானத்தையும் விடவில்லை. ஸ்டேடியம் இருப்பது யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்தில். 1990-ல் கோட்டைக்குள் இருந்த ராணுவத்தைப் புலிகள் முற்றுகையிட, விமானப்படை குண்டு வீசியது. கோட்டையைச் சுற்றியிருந்த நகரப் பகுதி நொறுங்கியது. அங்கிருந்த ரீகல் தியேட்டரும் போரில் பாழானது.

1995 டிசம்பரில் நகரம் ராணுவத்தின் கைக்குப் போனது. 1997 முதல் ஸ்டேடியத்தில் விளையாட்டே இல்லை. 1999-ல் புதுப்பிக்கத் தோண்டியபோது மண்ணுக்குள் மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன.

கடைசியில் இந்தியா சுமார் 7 கோடி ரூபாய் செலவில் மைதானத்தைச் சீரமைத்தது. 1,850 பேர் உட்காரலாம். 2016 ஜூன் 18-ல் பிரதமர் மோடி டெல்லியிலிருந்து காணொலி மூலம் திறந்துவைக்க, இலங்கை அதிபர் சிறிசேனா யாழ்ப்பாணத்தில் நேரில் கலந்துகொண்டார்.

துரையப்பாவைத் துரோகி என்பவர்களும், சாதாரண ஜனங்களுக்கு உதவிய மேயர் என்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். இப்போது அங்கே ஓடும் பள்ளிப் பிள்ளைகளோ போர் முடிந்த 2009-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்களுக்கு துரையப்பா என்றால் முதலில் ஒரு மைதானத்தின் பெயர்.