சானடோரியம் தந்த சௌரி முத்து

சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் மின்சார ரயில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் ஒரு நிலையத்தில் நிற்கும். அதன் பெயர் தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயர் வரக் காரணமானவர் டாக்டர் சௌரி முத்து.

1864-ல் பிறந்த இவர், சீமைக்குப் போய் வைத்தியம் படித்தார். ஷயரோகம் என்றாலே ஜனங்கள் நடுங்கிய காலம் அது. மருந்து கிடையாது. சுத்தமான காற்று, ஓய்வு, சத்துள்ள சாப்பாடு. இவைதான் சிகிச்சை. இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் இவர் ஒரு சானடோரியம் நடத்தினார். வெள்ளைக்காரர் நாட்டில் ஓர் இந்தியர் ஆஸ்பத்திரி நடத்துவது அன்று லேசான காரியமா?

கணித மேதை வந்தார்

1917-ல் கணித மேதை ராமானுஜன் அங்கே நோயாளியாக வந்து சேர்ந்தார். காய்ச்சல் விடவில்லை. வயிற்று வலி. உடம்பு இளைத்துக்கொண்டே போயிற்று. வயிற்றுப் புண் என்றார்கள் சில டாக்டர்கள். ஷயம் என்றார்கள் வேறு சிலர்.

நெஞ்சு நோய்க்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? உண்டு. நோயாளி தன் சளியைத் துப்பாமல் விழுங்கினால், அதிலுள்ள ஷயக் கிருமி குடலுக்குப் போய் அங்கேயும் புண் உண்டாக்கும். 2020-ல் உலகை ஆட்டிவைத்த கொரோனா வைரஸும் இப்படிப்பட்டதுதான். மூச்சுக் குழாயில் எந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அது உள்ளே நுழைகிறதோ, அதே புரதம் குடல் சுவரில் ஏராளமாக இருக்கிறது. அதனால்தான் இருமலோடு சிலருக்குப் பேதியும் கண்டது.

ஆகவே ஷயம் என்று சந்தேகித்ததில் தப்பில்லை. ஆனால் ராமானுஜன் விஷயத்தில் வழியே வேறாக இருந்திருக்கலாம். அவர் 1920-ல் சேத்துப்பட்டில், 32-வது வயதில் காலமானார். 1994-ல் யங் என்ற ஆங்கில ஆய்வாளர் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். சென்னையில் இளமையில் கண்ட சீதபேதியின் அமீபாக் கிருமி, குடலிலிருந்து ஈரலுக்குப் போய்த் தங்கியிருக்க வேண்டும் என்றார். அதற்கு எமட்டின் என்ற ஊசி மருந்து அப்போதே இருந்தது!

தாம்பரத்துக் காடு

சௌரி முத்து தாயகம் திரும்பினார். 1928-ல் தாம்பரத்தில், காற்றோட்டமான இடம் பார்த்து, 12 படுக்கைகளோடு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அதைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1940-ல் அவர் காலமானார். ஷயக் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல்.